ஆட்டோ ஸ்டான்ட் ஆருக்குச் சொந்தம்? வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த முறை வந்த கடிதங்கள்ள கனக்க ஆட்டோ, பஸ், ஸ்கூல் வான் பற்றித்தான் இரிந்திச்சு. மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் சனம் தினமும் படுற பாடு இது. அதால இந்த மாசப் பக்கத்த முழுசா இதுக்கே விட்டிரிக்கன்.

கேள்வி: அக்கா, கொழும்பில இருந்து இரவு ரெயின்ல வந்து விடியக்காலம மட்டக்களப்பு ஸ்டேசன்ல இறங்கினா, ஊறணிக்குப் போக ஒரு ஆட்டோக்காரர் ஒரு காசு சொல்லுறார், பக்கத்தில நிக்கிறவர் வேற காசு சொல்லுறார். மீட்டர் பூட்டியிரிக்கு, ஆனா போட மாட்டாங்களாம். விலைய முடிவெடுக்கிறது ஆரு? மாநகர சபையா, பொலிஸா?
— வாசகர், ஊறணி

பதில்: ரெண்டு பேரும் இல்ல தம்பி, அதுதான் இதில உள்ள சிக்கல். 1987ல அரசியலமைப்புக்கு வந்த 13ம் திருத்தத்தில மாகாணத்துக்குள்ள ஓடுற பயணிகள் சேவையையும் அதுக்கான கட்டணத்தையும் ஒழுங்குபடுத்துற வேலைய மாகாண சபைக்குக் குடுத்தாச்சு. எங்களுக்கு அது திருகோணமலையில இரிக்கிற கிழக்கு மாகாண நிருவாகம், அதுக்குக் கீழ வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மேல் மாகாணத்தில அவங்கட அதிகாரசபை ஆட்டோவுக்கு முதல் கிலோமீட்டருக்கு இவ்வளவு, பிறகு வாற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு எண்டு அறிவிச்சது, பேப்பர்லயெல்லாம் வந்தது. எங்கட பக்கம் இன்னும் பேரம்தான். மீட்டர் பூட்ட வேணும் எண்டு மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்குக் கீழ மத்திய அரசு ஒழுங்குவிதி கொண்டு வந்தாலும், பூட்டின மீட்டர ஓட விடுறதுக்கு ஊரில ஒரு ஆள் பொறுப்பா நிக்க வேணும், அந்த ஆள்தான் இஞ்ச இல்ல.

சரி, அப்ப மாநகர சபைக்கு என்ன வேலை எண்டு கேப்பிங்க. எந்த இடத்தில ஸ்டான்ட் இரிக்கலாம், ஒரு ஸ்டான்ட்ல எத்தின ஆட்டோ நிக்கலாம், அதுக்கு வருசம் என்ன கட்டணம் எண்டதெல்லாம் சபையிட பக்கம் வாற விசயம். ஆனா அதுக்குள்ளயும் இடத்துக்கு இடம் சொந்தக்காரர் வேற. ஸ்டேசன் வளவு ரெயில்வே திணைக்களத்திட, போதனா வைத்தியசாலை வளவு சுகாதார அமைச்சிட, கல்முனைப் பக்கம் போற பெரிய ரோட்டு ஏ4, அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையிட. ஏ, பி தர ரோட்டெல்லாம் மத்திய அரசு, சி, டி மாகாணம், அதுக்குக் கீழ உள்ள ஊர் ரோட்டுத்தான் சபைக்கு. அப்ப ஸ்டேசன் கேட்டுக்கு உள்ள ஒரு கட்டணப் பலகை நடுறதெண்டாலே மாநகர முதல்வர் ரெயில்வேக்குக் கடிதம் எழுத வேணும். ஒவ்வொரு ஒபிசும் மற்ற ஒபிசக் கை காட்டுறதுக்கு இதுதான் காரணம்.

இதுக்கு மேல இன்னொண்டு, இத நான் கோவத்தோடதான் எழுதுறன். கிழக்கு மாகாண சபையிட காலம் 2017 செப்டம்பர் 30ல முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தலே வைக்கல்ல, ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துறாங்க. மாகாணத்துக்கு ஒரு புது நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை போடுற சட்டம், போடுறதெண்டா தெரிவான சபை இரிக்க வேணும், சபை இல்லாட்டி அது ஏலாது. ஆட்டோவுக்கும் ஹயர் வானுக்கும் எங்கட மாகாணத்துக்குப் பொருத்தமா நல்ல ஒரு சட்டம் வேணும் எண்டு நாம கேட்டாலும் அத நிறைவேற்ற ஒரு சபை இல்ல. விடியச் சாமத்தில பிள்ளையையும் பேக்கையும் வெச்சுக்கொண்டு பேரம் பேசுற ஒரு தாய்க்கும் தள்ளிப்போன அந்தத் தேர்தலுக்கும் நேரடித் தொடர்பு இரிக்கு, இத ஆரும் மேடையில சொல்லுறதில்ல.

இப்போதைக்கு நீங்க செய்யக்கூடியது, ஏறுறதுக்கு முதல் காசப் பேசி முடிவாக்குங்க, நம்பர் பிளேட்ட போன்ல போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிப்போட்டு ஏறுங்க. விலை கூட எண்டதுக்காகப் பொலிஸ் பெரிசா ஒண்டும் செய்யாது, ஆனா வேற ஆட்டோவில ஏற விடாமத் தடுத்தா, மிரட்டினா, அது வேற கதை, 119க்கு எடுங்க.

கேள்வி: அக்கா, நான் கணவர் இல்லாத பொம்புள, ரெண்டு பிள்ளைகள். லீசிங்ல ஆட்டோ எடுத்து ஓடுறன். லைசன், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா இரிக்கு. ஆனா எங்கட சந்தி ஸ்டான்ட்ல நிப்பாட்டப் போனா சங்கத்தில ஆள் கூட எண்டு சொல்லி விடுறாங்க இல்ல, இன்னொருத்தர் புது ஆளா வந்து சேர்ந்தத என்ட கண்ணால பாத்த நான். சங்கத்துக்கு இப்பிடிச் சொல்ல உரிமை இரிக்கா?
— வாசகி, திருக்கோவில்

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்த நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். முதல்ல நேரா சொல்லுறன், ரோட்டு சங்கத்திட சொத்து இல்ல. சங்கம் எண்டுறது ஓடுற ஆக்கள் தங்களுக்குள்ள சேர்ந்து வெச்சிரிக்கிற ஒரு அமைப்பு, சந்தா சேக்கலாம், ஆருக்கும் சாவு வீடு எண்டா உதவலாம், வரிசைய ஒழுங்காக்கலாம், நல்ல விசயம்தான். ஆனா பொது இடத்தில ஆரு தொழில் செய்யலாம், ஆரு செய்யக் கூடாது எண்டு தீர்ப்புச் சொல்ல அதுக்கு ஒரு சட்டமும் அதிகாரம் குடுக்கல்ல. அரசியலமைப்பிட 14வது உறுப்புரையில சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் செய்யிற சுதந்திரம் எல்லாப் பிரசைக்கும் இரிக்கு எண்டு இரிக்கு, 12வது உறுப்புரையில ஆண் பெண் எண்டு பாகுபாடு காட்டக் கூடாது எண்டும் இரிக்கு.

ஆனா இத வெச்சுக்கொண்டு நேர ஸ்டான்ட்ல போய் சண்டைக்கு நிக்காதிங்க, நாளைக்கும் அதே சந்தியிலதான் நீங்க ஓட வேணும். பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அதில மூண்டு விசயம் கேளுங்க. இந்த ஸ்டான்ட் சபையால அங்கீகரிச்ச தரிப்பிடமா, அப்பிடியெண்டா எத்தின ஆட்டோவுக்கு இடம், இப்ப பதிஞ்சிரிக்கிறது எத்தின. இடம் இரிக்கு எண்டு பதில் வந்தா, உங்கட பேரப் பதியச் சொல்லி விண்ணப்பத்தையும் அதோட சேத்துக் குடுங்க. ஸ்டான்டே சபையில பதியாத ஒண்டு எண்டு பதில் வந்தா, அப்ப உங்களை எழும்பச் சொல்லுறதுக்கு அவங்களுக்கும் ஆதாரம் இல்ல எண்டு அர்த்தம். கடிதத்த செயலாளருக்கும் தவிசாளருக்கும் உங்கட வட்டார உறுப்பினருக்கும் போடுங்க. 2023 மார்ச்சில இருந்து ரெண்டு வருசத்துக்கு மேல சபைகள்ள தெரிவான ஆக்களே இல்லாம அதிகாரிகள்தான் இரிந்தாங்க, 2025 மே 6ல தேர்தல் நடந்து இப்ப உறுப்பினர்மார் இரிக்காங்க, வோட்டுக் கேட்டு உங்கட வாசலுக்கு வந்த ஆள்கிட்ட இதக் கேக்க உங்களுக்கு முழு உரிமை இரிக்கு.

சபை பதில் தராம இழுத்தா, இல்லாட்டி பொம்புள எண்டு தட்டிக் கழிச்சா, அப்ப அது அரச நிறுவனம் செய்யிற பாகுபாடு. மனித உரிமைகள் ஆணைக்குழுவிட பிராந்திய ஒபிஸ் கல்முனையில இரிக்கு, தமிழ்லயே முறைப்பாடு எழுதிக் குடுக்கலாம், காசு ஒண்டும் இல்ல.

இன்னொரு விசயம், இன்சூரன்ஸ் சரி எண்டு எழுதியிரிக்கிங்க, அது பிரைவேட்டா ஹயரிங்கா எண்டு ஒருக்காப் பாருங்க. சில பேர் காசு குறைவு எண்டு பிரைவேட்டுக்குப் போட்டுப்போட்டு ஹயர் ஓடுறாங்க, விபத்தொண்டு நடந்தா கம்பனி கையைக் கழுவிப்போடும், அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிச் செலவும் நட்டஈடும் உங்கட தலையில. லைசன்லயும் பி1 வகுப்பு இரிக்க வேணும், முச்சக்கர வண்டிக்கு உரியது அதுதான்.

சங்கத்தில இரிக்கிற அண்ணன்மாருக்கும் இந்தப் பக்கத்தால ஒரு வார்த்தை சொல்லுறன். ராவில ஆஸ்பத்திரிக்குப் போற ஒரு கர்ப்பிணிப் பெண், டியூசன் முடிஞ்சு வாற பிள்ளை, இவங்க ஒரு பொம்புள ஓடுற ஆட்டோவக் கண்டா நிம்மதியா ஏறுவாங்க. உங்கட ஸ்டான்டுக்கு வாற சனம் கூடுமே தவிரக் குறையாது.

கேள்வி: பொத்துவில்ல இருந்து மொனராகலைக்குப் போற பஸ்ஸில டிக்கட்டும் தாறல்ல மிச்சக் காசும் தாறல்ல. அம்பாறையில போய்ச் சொன்னா இது எங்கட வேலை இல்ல எண்டுறாங்க. ஆருகிட்டச் சொல்லுற?
— வாசகர், பொத்துவில்

பதில்: அவங்க சொன்னதில ஒரு உண்மை இரிக்கு. மொனராகலை ஊவா மாகாணம், அப்ப உங்கட பஸ் மாகாணம் தாண்டி ஓடுற பஸ். அதுக்கு பெர்மிட் குடுக்கிறது 1991ம் ஆண்டு 37ம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அவங்கட முறைப்பாட்டு நம்பர் 1955. பஸ் நம்பர், திகதி, நேரம், ஏறின இடம், எவ்வளவு வாங்கினாங்க எண்டு சொன்னாப் போதும். மட்டக்களப்பில இருந்து பொலன்னறுவை, கொழும்பு போற பஸ்ஸுக்கும் இதே ஆக்கள்தான். மட்டக்களப்பு - கல்முனை, கல்முனை - அம்பாறை மாதிரி எங்கட மாகாணத்துக்குள்ளயே ஓடுற பஸ்ஸெண்டா மாகாண அதிகாரசபை. சீரீபீ, அதாவது அரசாங்க பஸ்ஸெண்டா டிப்போ முகாமையாளர்கிட்ட நேர போங்க. டிக்கட் கேட்டு வாங்குங்க, டிக்கட் இல்லாட்டி நீங்க அந்த பஸ்ஸில போனதுக்கே ஆதாரம் இல்ல.

கேள்வி: என்ட மகன் ரெண்டாம் வகுப்பு. ஸ்கூல் வான்ல பிள்ளைகள மடியில மடியில வெச்சு ஏத்துறாங்க, கதவுப் பக்கத்திலயும் ஒரு பிள்ளை நிக்கிது. வான்காரர் நல்ல மனிசன், பேசவும் மனமில்ல. என்ன செய்யலாம்?
— ஒரு உம்மா, காத்தான்குடி

பதில்: ராத்தா, நல்ல மனிசன் எண்டாலும் பிரேக் அடிக்கிற நேரம் பிள்ளை கதவுப் பக்கத்தில நிண்டா ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. இத ஒத்திப்போடாதிங்க.

முதல்ல வானிட பதிவுப் புத்தகத்தில எத்தின சீட் எண்டு போட்டிரிக்கு எண்டத வான்காரர்கிட்டயே கேளுங்க. கேக்கிறது தப்பே இல்ல, பிள்ளைய ஒப்படைக்கிற நாம கேக்காம ஆரு கேக்கிற. அதோட வருமான அனுமதிப்பத்திரம், அது முன் கண்ணாடியில ஒட்டியிரிக்கும், திகதி முடிஞ்சா இல்லையா எண்டு போற வாற நேரமே பாக்கலாம். புகைப் பரிசோதனைப் பத்திரமும் இன்சூரன்ஸும் இல்லாம அத ஒரு வாகனத்துக்கும் குடுக்க மாட்டாங்க, அதால அது ஒண்டு சரியா இரிந்தாலே குறைஞ்சது ரெண்டு விசயம் சரி எண்டு தெரிஞ்சுபோகும்.

பிறகு தனியாப் பேசாதிங்க, அதே வான்ல போற மற்றப் பிள்ளைகளிட தாய் தகப்பன்மாரையும் கூட்டிக்கொண்டு பேசுங்க. வான்காரர் ஏன் கூட ஏத்துறார் எண்டும் பாருங்க, டீசல் விலை கூடுது, நீங்க குடுக்கிற மாசக் காசு கூடல்ல, அப்ப அவர் தலையக் கூட்டுறார். பிள்ளைக்கு ஒரு சீட் எண்டா மாசம் எவ்வளவு கூட வேணும் எண்டு வெளிப்படையாப் பேசி, குடுக்க ஏலுமான அளவு குடுத்து, அவரும் பிள்ளைகளக் குறைக்கட்டும். அதுக்கும் சரிவராட்டி அதிபர்கிட்டச் சொல்லி, பள்ளிக்கூடம் விடுற நேரம் கேட்ல போக்குவரத்துப் பொலிஸ நிப்பாட்டச் சொல்லுங்க. பிள்ளைகளுக்கெண்டு 2005ல தொடங்கின சிசு செரிய எண்ட பஸ் சேவையும் இரிக்கு, குறைஞ்ச காசில போகலாம், உங்கட பள்ளிக்கூடப் பக்கம் அது ஓடாட்டி பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மூலம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேக்கலாம்.

கேள்வி: நான் ஆரையம்பதி, இப்ப இங்கிலாந்தில லெஸ்டர்ல டாக்சி ஓடுறன். இஞ்ச எங்களுக்கு லைசன் தாறதே சிற்றி கவுன்சில்தான். ஊருக்கு வந்தா ஆரும் ஓடலாம் மாதிரி இரிக்கு. எங்கட பிரதேச சபைகளுக்கு ஏன் இது ஏலாது?
— வாசகர், லெஸ்டர்

பதில்: அண்ணன், உங்கட கேள்வி நல்ல கேள்வி. இங்கிலாந்தில லண்டனுக்கு வெளிய டாக்சிக்கு லைசன் குடுக்கிறது உள்ளூர்ச் சபைதான், அதுக்கு 1847ம் ஆண்டுச் சட்டமும் இரிக்கு, 1976ல வந்த உள்ளூராட்சிச் சட்டமும் இரிக்கு. ரோட்டில கை காட்டி மறிக்கிற டாக்சிக்குச் சபை கூடின பட்சக் கட்டணத்த வைக்கலாம், முன்கூட்டி புக் பண்ணுற பிரைவேட் ஹயர் காருக்கு அப்பிடி வைக்கிறதில்ல. ட்ரைவரிட குற்றப் பதிவையும் தேடிப்பாத்துத்தான் பட்ஜ் குடுக்கிறாங்க. இதெல்லாம் என்னையவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்.

எங்கட மாநகர சபைக் கட்டளைச்சட்டம் 1947, நகர சபைக்கு உரியது 1939, பிரதேச சபைச் சட்டம் 1987. மூண்டிலயும் உபவிதி, அதாவது சபை தன்ட எல்லைக்குள்ள போடுற சட்டம், போட அதிகாரம் இரிக்கு. ஆனா ட்ரைவர் லைசன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திட, வருமான அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தில, கட்டணம் மாகாணத்திட. ஒரே ஆட்டோவுக்கு இத்தினை பேர் பொறுப்பு, கடைசியில பயணி முறைப்பாடு சொல்லப் போற இடத்தில ஆரும் இல்ல. என்ட எண்ணம் என்னெண்டா, முழு லைசன் அதிகாரமும் பிரதேச சபைக்கு வரத் தேவையில்ல, எங்கட சபைகளுக்கு அதுக்கு ஆளும் இல்ல காசும் இல்ல. ஆனா ஸ்டான்ட்ட பதியிற நேரம் ட்ரைவரிட பேரும் படமும் உள்ள அட்டைய ஆட்டோவுக்குள்ள பயணிக்குத் தெரியத் தொங்கவிடு, பேசி முடிவான கட்டணத்த பலகையில எழுது, ஒரு முறைப்பாட்டு நம்பர் போடு, இதச் செய்யாட்டி தரிப்பிடம் புதுப்பிக்க மாட்டம் எண்டு ஒரு உபவிதி போட்டா பெரிய மாற்றம் வரும். சபை தீர்மானிச்சு, மாகாணத்தில உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவர் அங்கீகரிச்சு, வர்த்தமானியில வந்தா அது சட்டம். நீங்களும் ஊருக்கு வாற நேரம் கோயில் திருவிழாவோட நிக்காம, உங்கட பட்ஜையும் கட்டண அட்டையையும் கொண்டுவந்து தவிசாளருக்குக் காட்டுங்களன், வெளிநாட்டில இரிந்து வாற ஆள் சொன்னாக் கேப்பாங்க.

கேள்வி: செங்கலடியில ஆட்டோ ஓடுறன். போன் ஆப்பில ஓடுற ஆக்கள் வந்தா எங்கட ஹயர் போயிரும். பிரதேச சபையால தடை போட ஏலாதா?
— வாசகர், செங்கலடி

பதில்: ஏலாது தம்பி, ஏலும் எண்டு ஆரும் சொன்னா உங்களுக்குப் பொய் சொல்லுறாங்க. ஆப்பில ஓடுறவரும் உங்களை மாதிரியே லைசன் எடுத்து, லீசிங் கட்டி ஓடுற ஆள்தான். தன்ட எல்லைக்குள்ள ஸ்டான்ட்ட ஒழுங்காக்க சபைக்கு ஏலும், ஒரு பயணி ஆரோட போறது எண்டத முடிவெடுக்க ஏலாது.

உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய ஆட்டோவே தங்க விலைக்குப் போச்சு, 2022ல பெற்றோலுக்கு கியூஆர் காட்டி வரிசையில நிண்டு கிடைச்ச லீற்றர வெச்சு எத்தின குடும்பம் சாப்பிட்டது எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா சனம் ஆப்ப ஏன் தேடுது எண்டு பாருங்க, ஏறுறதுக்கு முதலே காசு எவ்வளவு எண்டு தெரியுது, அவ்வளவுதான். வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளைகளுக்கு உங்கட ஸ்டான்ட்ல இரிந்து இன்ன இடத்துக்கு இன்ன விலை எண்டு ஒரு பலகை எழுதி வையுங்க, அதுக்கு சபையிட அனுமதியும் கேளுங்க, பிறகு ஆப் வந்தாலும் பக்கத்தில நிக்கிற உங்களை விட்டுப்போட்டுப் போன்ல தேட மாட்டாங்க.

கேள்வி: உபவிதி இரிக்கு எண்டு சபையில சொல்லுறாங்க, காட்டச் சொன்னா காட்டுறல்ல. என்ன செய்யிற?
— வாசகர், வெல்லாவெளி

பதில்: 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதுக்குத்தான் இரிக்கு. பிரதேச சபையும் அதுக்குள்ள வாற நிறுவனம், தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர நியமிச்சிரிக்க வேணும். ஏன் கேக்கிறிங்க எண்டு நீங்க காரணம் சொல்லத் தேவையில்ல, விண்ணப்பத்துக்குக் காசும் இல்ல. முச்சக்கர வண்டித் தரிப்பிடம் சம்பந்தமான உபவிதியிட பிரதி, அது வந்த வர்த்தமானியிட திகதி, பதிஞ்ச ஸ்டான்டுகளிட விபரம், வருசக் கட்டணமா சேர்ந்த காசு எவ்வளவு, இத ஒவ்வொண்டாத் தெளிவாக் கேளுங்க, பொதுவா “எல்லா விபரமும்” எண்டு கேட்டா அதையே சாட்டாச் சொல்லித் திருப்பி அனுப்புவாங்க. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும். மறுத்தா, இல்லாட்டி பதிலே வராட்டி, அடுத்த 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போடுங்க, அதுக்கும் சரிவராட்டி கொழும்பில தகவலறியும் உரிமை ஆணைக்குழு இரிக்கு. எல்லாம் தமிழ்லயே எழுதலாம். நேர கொண்டுபோய்க் குடுக்கிற எண்டா ரெண்டு கொப்பி எடுத்துக்கொண்டு போங்க, உங்கட கொப்பியில சீலும் திகதியும் வாங்காம வெளிய வராதிங்க, நாள் கணக்கு அந்தத் திகதியில இருந்துதான் ஓடும்.